கடலில்லாத ஊரின் மீன்தட்டு: உலோகக் கலப்பு பற்றிய ஒரு விசாரணை

கேள்வி

கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தேன்கனிக்கோட்டை கடல் பார்க்காத ஊர். கிழக்குக் கடலானாலும் மேற்குக் கடலானாலும் 200 கிலோமீட்டருக்கு அப்பால்தான். ஆனாலும் கடல்மீன் இங்கே அன்றாட உணவு. ஐஸ் பெட்டிகளில் மத்தியும் கானாங்கெளுத்தியும் சங்கராவும் வருகின்றன. காசுள்ளவர் வஞ்சிரம் வாங்குகிறார். வாரச் சந்தையில் நெத்திலிக் கருவாடு கிடைக்கிறது. இவற்றோடு கட்லா, ரோகு, மிர்கால், ஜிலேபி என்று ஏரி, அணை மீன்களும் விற்கின்றன. கடல்மீனில் பாதரசமும் ஈயமும் காட்மியமும் இருக்கின்றன என்ற செய்தி அவ்வப்போது பரவும்போது, எதை வாங்குவது எதை விடுவது என்று தெரியாமல் மக்கள் தவிக்கிறார்கள். கர்ப்பிணிகள் மீனையே நிறுத்திவிடுகிறார்கள்.

இங்கு நிலவும் பார்வைகள் இரண்டு. கடலே நஞ்சாகிவிட்டது, மீன் வேண்டாம் என்பது ஒன்று. அரசு வரம்புக்குள்தான் எல்லாம் இருக்கிறது, பயம் தேவையில்லை என்பது மற்றது. இரண்டுமே எல்லா மீனையும் எல்லா உலோகத்தையும் ஒரே கூடையில் போட்டுப் பேசுகின்றன. எந்த உலோகம், எந்த மீன், மீனின் எந்தப் பாகம், சாப்பிடுபவர் யார் என்று பிரித்துக் கேட்டால் விடை வேறாகிறது. அப்படிக் கேட்டுப் போனால் இந்த ஊரின் கவலை கடலோரத்தில் நிற்காது. ஓசூருக்குப் பக்கத்திலேயே உள்ள ஓர் அணையின் வண்டலில்தான் வந்து நிற்கும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஒவ்வோர் உலோகத்துக்கும் ஒரு போக்கு

பாதரசத்திலிருந்து தொடங்க வேண்டும். கடல்மீன் குறித்த அச்சத்துக்கு முதன்மையான, நியாயமான காரணம் அதுதான். நிலக்கரி எரிப்பு, சிறு தங்கச் சுரங்கங்கள், சிமெண்ட் ஆலைகள் ஆகியவற்றிலிருந்து அது ஆவியாகிக் காற்றில் கலந்து உலகையே சுற்றி வருகிறது. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2018 மதிப்பீட்டின்படி, மனிதச் செயல்களால் 2015இல் காற்றில் கலந்த பாதரசம் சுமார் 2220 டன். நீரில் விழும் பாதரசத்தை, ஆக்சிஜன் அற்ற சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அதன்பின் அது உணவுச் சங்கிலியில் ஏறுகிறது. மிதவையுயிரியைச் சிறு மீனும், சிறு மீனைப் பெரிய மீனும் தின்னத் தின்ன ஒவ்வொரு படியிலும் செறிவு கூடுகிறது. வேட்டையாடி உண்ணும், நீண்ட காலம் வாழும் சுறா, மயில்மீன், பெரிய சூரை ஆகியவை மேல்படியில் இருக்கின்றன. மத்தியும் நெத்திலியும் கீழ்ப்படியில்.

மெத்தில் பாதரசம் தசைப் புரதத்தோடு பிணைந்துகொள்கிறது. கழுவினாலும் தோலை உரித்தாலும் எண்ணெயில் பொரித்தாலும் அது போகாது. மனித உடலில் அதன் பாதி வெளியேறவே ஏறத்தாழ 50 முதல் 70 நாள் ஆகும். நஞ்சுக்கொடியைக் கடந்து கருவின் மூளையை அடையும். ஜப்பானின் மினமாட்டா விரிகுடாக் கரையில் இதை உலகம் கண்டது. சிசோ நிறுவனத்தின் அசிட்டால்டிஹைடு ஆலை 1932 முதல் 1968 வரை கழிவை விரிகுடாவில் விட்டது. நோய் 1956இல் அதிகாரப்பூர்வமாகப் பதிவானது. கரிமப் பாதரசமே காரணம் என்று குமமோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1959இல் கூறினார்கள். ஜப்பானிய அரசு அதை ஒப்புக்கொண்டது 1968இல். உண்மை தெரிந்த பிறகும் ஒன்பது ஆண்டுகள் மீனவக் குடும்பங்கள் அந்த மீனைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தன என்பதை எத்தனை முறை படித்தாலும் மனம் ஏற்க மறுக்கிறது.

மற்ற உலோகங்கள் இப்படி நடந்துகொள்வதில்லை. காட்மியம் மீனின் தசையில் அதிகம் தங்காது. ஈரலிலும் சிறுநீரகத்திலும் சேரும். கணவாயின் உள்ளுறுப்பிலும் நண்டின் ஓட்டுக்குள் பலர் விரும்பி உண்ணும் அந்த மஞ்சள் பகுதியிலும் அது செறிந்திருக்கும். மனிதச் சிறுநீரகத்தில் புகுந்தால் பாதி வெளியேறப் பத்து முதல் முப்பது ஆண்டுகள் ஆகலாம். ஈயம் எலும்பிலும் செவுளிலும் சேரும். ஈயத்துக்கு முன்பு வகுத்திருந்த தாங்கத்தக்க வாராந்திர அளவை உணவுச் சேர்க்கைகளுக்கான உலக சுகாதார நிறுவன, உணவு வேளாண் அமைப்பின் கூட்டு வல்லுநர் குழு 2010இல் திரும்பப் பெற்றது. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதையும் காட்ட முடியவில்லை என்பதே காரணம். ஆர்சனிக் கடல்மீனில் அதிகம் காணப்பட்டாலும், அதன் பெரும்பகுதி ஆர்சனோபீட்டெய்ன் என்ற வடிவில் இருக்கிறது. அது உடலில் தங்காமல் சிறுநீரோடு வெளியேறிவிடும். மொத்த ஆர்சனிக்கை மட்டும் அளந்துவிட்டு 'மீனில் நஞ்சு' என்று தலைப்பிடும் செய்திகள் இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை.

இரண்டு தீவுகளின் சாட்சியம்

குறைந்த அளவு பாதரசம் கருவை என்ன செய்யும் என்பதில் அறிவியலாளர்கள் நீண்ட காலம் முரண்பட்டார்கள். அந்த முரண்பாடு நமக்குப் பயன்படும். வட அட்லாண்டிக்கின் பாரோ தீவுகளில் 1986–87இல் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தவர்கள், ஏழு வயதில் மொழி, கவனம், நினைவாற்றல் ஆகியவற்றில் பின்னடைவைக் கண்டார்கள். கருவிலிருந்தபோது தாயின் உடலில் பாதரசம் கூடக்கூடப் பின்னடைவும் கூடியது. இந்தியப் பெருங்கடலின் சீசெல்ஸ் தீவில், கிட்டத்தட்ட தினமும் கடல்மீன் உண்ட தாய்மாரின் குழந்தைகளை ஒன்பது வயது வரை பின்தொடர்ந்த குழு அத்தகைய பாதிப்பைக் காணவில்லை என்று 2003இல் அறிவித்தது.

இரண்டும் கவனமாகச் செய்யப்பட்ட ஆய்வுகள். பாரோ தீவினரின் பாதரசம் பெரும்பாலும் பைலட் திமிங்கல இறைச்சியிலிருந்து வந்தது. அதில் வேறு தொழிற்சாலை நஞ்சுகளும் இருந்தன. அவ்வப்போது ஒரே நேரத்தில் அதிகம் உண்ணும் பழக்கமும் அங்கே இருந்தது. சீசெல்ஸ்காரர்கள் உண்டது பலவகைக் கடல்மீன். அந்த மீனில் கருவின் மூளை வளர்ச்சிக்குத் தேவையான ஒமேகா-3 கொழுப்பு அமிலங்களும் இருந்தன. தீங்கும் நன்மையும் ஒரே கவளத்தில் வருகின்றன என்பதே இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது எனக்குக் கிடைக்கும் பொருள். உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் 2010இல் கூட்டிய வல்லுநர் கூட்டமும் இதே திசையில்தான் பேசியது: பெரும்பாலான சூழல்களில், தாய் மீன் உண்பதால் குழந்தைக்குக் கிடைக்கும் நன்மை, உண்ணாமல் விடுவதைக் காட்டிலும் மேலானது. ஆகவே பயந்து மீனையே நிறுத்தும் கர்ப்பிணி ஒரு தீங்கைத் தவிர்த்து இன்னொன்றை ஏற்கிறார். அவருக்குத் தேவை எந்த மீன் என்ற தெளிவு.

வரம்பு எண்ணின் எல்லை

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2011 விதிகள் மீனில் பாதரசத்துக்கு வைத்த வரம்பு கிலோவுக்கு 0.5 மில்லிகிராம். 'வரம்புக்குள் இருக்கிறது' என்றால் 'எவ்வளவு வேண்டுமானாலும் உண்ணலாம்' என்று பொருள் கொள்கிறோம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மெத்தில் பாதரசம் வாரத்துக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் வரை தாங்கத்தக்கது என்று ஈயத்தின் அளவைத் திரும்பப் பெற்ற அதே கூட்டு வல்லுநர் குழு 2003இல் வகுத்தது. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அது வாரத்துக்கு 96 மைக்ரோகிராம். மீனிலுள்ள பாதரசம் முழுவதும் மெத்தில் வடிவம் என்று கொண்டால், சரியாக வரம்பைத் தொடும் மீனில் அவர் வாரத்துக்கு 192 கிராம் மட்டுமே உண்ணலாம். 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 48 கிராம், அதாவது ஒரு சிறு துண்டு. வேறொரு மீனில் பாதரசம் அதில் பத்தில் ஒரு பங்கு, 0.05 மில்லிகிராம் என்றிருந்தால், பெரியவர் வாரத்துக்கு 1.9 கிலோ வரை உண்ணலாம். இரண்டு மீனும் சட்டப்படி 'பாதுகாப்பானவை'தான்.

வரம்பு எண் வணிகத்துக்கானது. எந்தச் சரக்கைச் சந்தையிலிருந்து நீக்க வேண்டும் என்று அது சொல்லும். யார் எவ்வளவு உண்ணலாம் என்பதை உண்பவரின் எடையும் வாரத்தில் எத்தனை முறை என்பதும்தான் தீர்மானிக்கும். ஏற்றுமதிச் சரக்கில் இந்த அளவீடு கறாராக நடக்கிறது. இந்தியக் கணவாயில் காட்மியம் கூடுதல் என்று ஐரோப்பிய எல்லைகளில் எச்சரிக்கைகள் பதிவானதுண்டு. அதனால் நம் ஏற்றுமதி நிலையங்களில் சோதனை ஒரு வழக்கமாகிவிட்டது. உள்ளூர்ச் சந்தைக்கு வரும் பெட்டியோடு அத்தகைய சான்று எதுவும் வருவதில்லை. 2018இல் மீனில் பார்மலின் கலப்பு பெரும் பேச்சானபோது அதிகாரிகள் சந்தைகளுக்குப் போனார்கள். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிய எளிய தாள் சோதனை அதற்கு உதவியது. உலோகத்துக்கு அப்படி ஒரு தாள் கிடையாது. ஆய்வகமும் பயிற்சி பெற்றவரும் வேண்டும். எளிதில் சோதிக்க முடிவது மட்டும் சோதிக்கப்படுகிறது. மீதி பேச்சிலிருந்தே மறைந்துவிடுகிறது.

பால் சுறா, வஞ்சிரம், கருவாடு

நம் உணவு வழக்கத்தை இந்த அறிவோடு வைத்துப் பார்ப்பது அவசியம். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று சுறாப்புட்டு கொடுப்பது தமிழ்நாடெங்கும் உள்ள பழக்கம். பாதரசப் படியில் சுறா மேலே நிற்பது என்றால், இந்தப் பழக்கம் தவறா? இங்கேயும் பிரித்துக் கேட்க வேண்டும். பால் சுறா என்று தேடி வாங்குவது சிறிய சுறா. வயதும் நீளமும் குறைந்தால் சேர்ந்த பாதரசமும் குறைவு. தாயிடமிருந்து குழந்தைக்கு மெத்தில் பாதரசம் போகும் முக்கிய வழி நஞ்சுக்கொடி; தாய்ப்பால் வழியே போவது அதைவிடக் குறைவு. எனவே குழந்தை பிறந்த பிறகு எப்போதாவது உண்ணும் சிறு சுறாப்புட்டைக் குற்றம் சொல்ல நான் துணியமாட்டேன். கர்ப்ப காலத்தில் பெரிய சுறாவின் துண்டை வாரந்தோறும் உண்பது வேறு விஷயம். பெரிய சுறாவை வெட்டித் துண்டுகளாக விற்கும்போது அதன் நீளம் வாங்குபவர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கர்ப்பிணிகள் தவிர்க்கச் சொல்லும் பட்டியலில் ஒரு வகை வஞ்சிரம் இருக்கிறது. அதைத் தமிழாக்கிப் பரப்பியவர்கள் வஞ்சிரமே கூடாது என்று எழுதிவிட்டார்கள். அது அட்லாண்டிக்கில் வாழும் மீன். நாம் வாங்குவது அதே பேரினத்தைச் சேர்ந்த வேறோர் இனம், வேறொரு கடலில் வளர்வது. எச்சரிக்கையாக இருக்க அந்த உறவு போதுமான காரணம். தடை விதிக்கப் போதாது. வங்காள விரிகுடாவில் பிடித்த வஞ்சிரத்தை நீளவாரியாக அளந்து நமக்கென ஒரு பட்டியல் வகுப்பதுதான் சரி.

கருவாட்டைப் பற்றிப் பேசுபவர் குறைவு. குளிர்பெட்டி வருவதற்கு முன் இந்த மேட்டு நிலத்துக்குக் கடல் வந்து சேர்ந்தது கருவாடாகத்தான். ஏழை வீடுகளில் இன்றும் அப்படித்தான். பச்சை மீனின் எடையில் முக்கால் பங்கு வரை நீர். உலர்த்தினால் நீர் போகும், உலோகம் போகாது. கிலோவுக்கு இவ்வளவு என்ற வரம்பு பச்சை மீனை வைத்து வகுத்தது என்பதால், கருவாட்டில் எண் தானாகவே பலமடங்கு கூடித் தெரியும். ஆனால் ஒரு வேளைக்கு உண்ணும் கருவாட்டின் எடையும் அதே போலக் குறைவு. பாதரசத்தைப் பொறுத்தவரை நெத்திலிக் கருவாடு மிகக் கீழ்ப்படி மீன். ஒரு குறை உண்டு: நெத்திலியைக் குடலோடும் எலும்போடும் முழுதாக உண்கிறோம். ஈயமும் காட்மியமும் தங்கும் பாகங்கள் அவைதாம். தொழிற்சாலைக் கழிமுகங்களை ஒட்டிப் பிடித்த நெத்திலியையும் அவற்றை விட்டு விலகிப் பிடித்ததையும் சந்தையில் ஒரே குவியலாகக் கொட்டி விற்கிறார்கள்.

இரண்டு ஆறுகளுக்கு நடுவே

இனி கடலை விட்டுவிட்டு ஊரைச் சுற்றிப் பார்க்கலாம். பெங்களூரு நகரின் கழிவுநீர் இரு திசையில் இறங்குகிறது. கிழக்கிலும் தெற்கிலும் உள்ளது பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தென்பெண்ணையில் கலக்கிறது. மேற்கில், பீன்யா தொழிற்பேட்டைப் பக்கத்துக் கழிவு விருஷபாவதியில் விழுந்து, அர்க்காவதி வழியே சங்கமா என்னுமிடத்தில் காவிரியை அடைகிறது. தென்பெண்ணை கொடியாளத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் தேங்குகிறது. காவிரி அஞ்செட்டிக் காடுகளின் மேற்கு விளிம்பில், பிலிகுண்டுலு வழியாக வருகிறது. தேன்கனிக்கோட்டை இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிறது.

பிலிகுண்டுலுவில் நீரின் அளவு நாள்தோறும் கணக்கிடப்படுகிறது. தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. வர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. தென்பெண்ணையிலும், அதன் துணையாறான மார்க்கண்டேய நதியின் குறுக்கே கர்நாடகம் கட்டிய அணையை ஒட்டி வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இரு வழக்கிலும் முதன்மையான கேள்வி எவ்வளவு நீர் என்பதே. அந்த நீர் எதைச் சுமந்து வருகிறது என்பதற்கு அந்த எடை கிடைக்கவில்லை. இதை நம் நீர் அரசியலின் பெருங்குறையாகக் கருதுகிறேன்.

கெலவரப்பள்ளியில் மழைக்காலத்தில் நீர்வரத்து கூடும்போது வெண்ணுரை மலைபோல் எழுவதைப் பத்திரிகைகள் படம் பிடித்துப் போடுகின்றன. நுரைக்குக் காரணம் சோப்புத்தூள் வகை வேதிப்பொருட்களும் சாக்கடைக் கழிவும். நுரை கண்ணில் படுவதால் அதைப் பற்றிப் பேசுகிறோம். முலாம் பூசும் பட்டறைகளிலிருந்து வரும் குரோமியத்துக்கும் நிக்கலுக்கும், பேட்டரி உருக்கும் இடங்களிலிருந்து வரும் ஈயத்துக்கும் நுரை கிடையாது. பெல்லந்தூர் ஏரி நீர் பாயும் மண்ணிலும் பயிரிலும் கன உலோகங்கள் ஏறியிருப்பதை 2006இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு காட்டியது. மேலே இருப்பது கீழே வந்தே தீரும். பெங்களூரை மட்டும் குற்றம் சொல்வதும் நேர்மையாகாது. 1970களிலிருந்து வளர்ந்த ஓசூர் சிப்காட்டும், அதன் வாகன, கடிகாரத் தொழில்களை ஒட்டி முளைத்த சிறு பட்டறைகளும் இதே ஆற்றுப்படுகையில்தான் இருக்கின்றன.

அணைக்குள் தங்கும் வண்டல்

உலோகம் நீரில் கரைந்தபடியே கடல்வரை போய்விடுவதில்லை. மென்துகள் வண்டலில் ஒட்டிக்கொண்டு, நீர் தேங்கும் இடத்தில் படிகிறது. தென்பெண்ணையில் கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் என்று அணைகள் வரிசையாக இருக்கின்றன. ஆகவே ஓசூரின் உலோகம் கடலூர்க் கடல்மீனை அடையும் முன் நம் அணைகளின் அடியில் படிகிறது. பெருவெள்ளம் வரும்போது வண்டல் கிளறப்பட்டு நகரும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூரிலிருந்து விநாடிக்கு 1.5 லட்சம் கனஅடிக்கு மேல் திறக்கப்பட்டபோது நகர்ந்தது நீர் மட்டுமா என்ற கேள்வி எழ வேண்டும்.

அப்படியானால் அணைமீன் ஆபத்தா? கட்லா மேல்மட்டத்தில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் அடியில், சேற்றைக் கிளறி உண்ணும். ஜிலேபி கிடைத்ததையெல்லாம் உண்ணும். விரால் வேட்டை மீன். வண்டலுக்கு மிக அருகில் வாய் வைப்பது மிர்கால் என்பதால் முதலில் சோதிக்க வேண்டியது அதைத்தான். ஆனால் ஈயமும் காட்மியமும் தசையில் குறைவாகவே சேரும் என்று மேலே பார்த்தோம்; குரோமியமும் நிக்கலும் அப்படித்தான். வளர்ப்பு மீன்கள் விரைவில் பிடிக்கப்படுகின்றன. சேர்வதற்குக் காலமும் குறைவு. குடலையும் செவுளையும் நன்றாக நீக்கிச் சமைத்த அணைமீனின் சதை பெரும் ஆபத்தாக இருக்க வாய்ப்புக் குறைவு என்றே சான்றுகளைப் பார்க்கும்போது படுகிறது. பாதரசம் இதற்கு விலக்கு. அது வந்து சேர்ந்தால், சாக்கடை நிறைந்து ஆக்சிஜன் இழந்த அணைச் சேறு அதை மெத்தில் வடிவமாக்க ஏற்ற இடம். கொடைக்கானலில் 1980களில் தொடங்கி 2001இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசம், கொடை ஏரியின் வண்டலிலும் மீனிலும் இருப்பதை ஹைதராபாத் ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்டார்கள். மலை உச்சியில், கடலுக்குத் தொடர்பில்லாத ஓர் ஏரியின் மீன் அது.

மினமாட்டாவைவிட ஜப்பானின் ஓர் ஆறு நமக்கு இன்னும் நெருக்கமானது. தொயாமா மாவட்டத்தின் ஜின்சு ஆற்றில் சுரங்கக் கழிவின் காட்மியம் கலந்தது. எலும்பு நொறுங்கித் துடிக்கும் இதாய்-இதாய் நோய் அங்கே பெரும்பாலும் பிள்ளை பெற்ற நடுவயதுப் பெண்களைத் தாக்கியது. 1968இல் அரசு காட்மியத்தைக் காரணமாக ஏற்றது. அந்தக் காட்மியம் அவர்களை அடைந்த முக்கிய வழி மீன் அல்ல. ஆற்றுநீர் பாய்ந்த வயலின் அரிசி. கெலவரப்பள்ளியின் இரு கால்வாய்களும் சுமார் 8000 ஏக்கருக்குப் பாசனம் தருகின்றன. கீரையும் தக்காளியும் கேழ்வரகும் விளையும் நிலம் அது. மீனில் உலோகம் தேடிப் புறப்பட்ட விசாரணை வயலுக்கு வந்து சேர்வது தடம் மாறியதால் அல்ல. உலோகம் போகும் பாதை அதுதான்.

அளவீடு

கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களுக்குக் கண்ணுக்குத் தெரியாத நஞ்சை எதிர்கொண்ட அனுபவம் உண்டு. கிணற்றிலும் ஆழ்துளைக் கிணற்றிலும் ஃபுளூரைடு கூடுதல் என்பது ஊர் ஊராக அளக்கப்பட்டது. பல்லில் கறையும் மூட்டில் முடக்கமும் அந்த எண்ணோடு சேர்த்துப் பார்க்கப்பட்டன. ஜப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதன் விளைவாக வந்தது. 2013இல் நடைமுறைக்கு வந்தது. எண் கையில் இருந்ததால் கோரிக்கைக்கு வலு கிடைத்தது.

உலோகத்துக்கும் அதே முறை வேண்டும். கெலவரப்பள்ளியிலும் கிருஷ்ணகிரி அணையிலும் நீரை மட்டும் சோதிப்பது போதாது. நீர் ஓடிவிடும், வண்டல் தங்கும். அடிவண்டலையும், மிர்காலின் சதையையும் ஈரலையும் தனித்தனியாகவும், கால்வாய்ப் பாசனக் கீரையையும் ஒரே பருவத்தில் அளக்க வேண்டும். வெள்ளத்துக்கு முன்னும் பின்னும். மொத்தப் பாதரசத்தோடு மெத்தில் பாதரசமும், மொத்த ஆர்சனிக்கோடு கனிம ஆர்சனிக்கும் பிரித்துச் சொல்லப்பட வேண்டும். கர்ப்பிணிகளுக்கு மீன் பற்றிய அறிவுரையைக் கிராம சுகாதார செவிலியர் வழியாகவே கொடுக்கலாம்: மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தி போன்ற சிறு மீன் வாரம் இரண்டு முறை, பெரிய சுறாவும் மயில்மீனும் பேறு முடியும்வரை வேண்டாம், நண்டின் மஞ்சளையும் கணவாயின் குடலையும் நீக்கிவிடுங்கள். இதற்கு எந்த ஆய்வகத்துக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. வண்டலின் கணக்குக்குத்தான் இரு மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களும் கொடியாளத்தில் சேர்ந்து மாதிரி எடுத்து, ஒரே முறையில் சோதித்து, கன்னடத்திலும் தமிழிலும் ஒரே நாளில் வெளியிட வேண்டியிருக்கிறது.